“என் மகன் எப்போது நடப்பான்?”: ஒரு தாயின் கடிதமும் பதிலும்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். ஏழு மாதம் முடிந்த கையோடு, 1.4 கிலோ எடையில் பிறந்தான். ஒரு மாதம் இன்குபேட்டரில் இருந்தான். ஒரு வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘பி.வி.எல்.’ என்று எழுதி, மூளை முடக்குவாதம் என்றார்கள். தலை ஓரளவு நிற்கிறது. பிடித்துக்கொண்டால்தான் உட்காருவான். தூக்கினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. பேச்சு இல்லை. ஆனால் தாத்தாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிப்பான். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் கால்மேல் படுக்கவைத்து ரசம் சோறு ஊட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நிறைய இருமுகிறான். இந்த ஆண்டு மூன்று முறை நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு முறை வலிப்பு வந்தது. மருந்து கொடுத்தபின் ஆறு மாதமாக வரவில்லை, அதனால் நிறுத்திவிடலாம் என்கிறார் அத்தை. வெளியூரில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்கிறார்கள், ஆறு லட்சம் ஆகுமாம். நஞ்சையை விற்கலாமா என்று கணவர் கேட்கிறார். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உறவில் பேசுகிறார்கள். அடுத்ததும் இப்படியே பிறக்குமோ என்று பயமாக இருக்கிறது. என் மகன் எப்போது நடப்பான்?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அவற்றைத் தள்ளிப்போட முடியாது. வலிப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். நிலத்தை விற்காதீர்கள்.

ஆறு மாதமாக வலிப்பு வராமல் இருப்பது அந்த மருந்து உள்ளே இருப்பதால்தான். திடீரென்று நிறுத்தினால், முன்பு வந்ததைவிடக் கடுமையாக, விடாத வலிப்பாகத் திரும்பி வரக்கூடும். அப்படி வந்து நின்ற குழந்தைகளை அவசரப் பிரிவில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தோடு மருந்தை நிறுத்தியிருப்பார். பொதுவாக, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்தபின்தான் குறைப்பதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். அப்போதும் சில வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு படிப்படியாகத்தான் குறைப்போம். பாட்டில் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். மீண்டும் வலிப்பு வந்தால் தம்பியை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன, அதைப் பார்த்துத்தான் சாவி நிறுத்தியதாக நம்புகிறோம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்கு வருகிறேன். நம் நாட்டில் ஸ்டெம் செல் சிகிச்சை வழக்கமான மருத்துவமாக ஏற்கப்பட்டிருப்பது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத்தான், எலும்பு மஜ்ஜை மாற்று என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளை முடக்குவாதத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆராய்ச்சியில் பங்கேற்கும் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. ஆகவே ஆறு லட்சம் கேட்டு, நடப்பான் என்று உறுதியும் சொல்கிறவர்களிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள். அந்த நஞ்சை தம்பிக்கு இருபது வயதாகும்போதும் உங்கள் குடும்பத்திடம் இருக்கட்டும்.

இனி கிரகணம். ‘பி.வி.எல்.’ என்ற மூன்று எழுத்துகளில் உங்களுக்கான பதில் இருக்கிறது. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள வெண்பகுதி, கருவின் ஆறாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை மிகவும் மென்மையான நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் குழந்தை வெளியே வந்துவிட்டால், ரத்த ஓட்டம் கொஞ்சம் தடுமாறினாலும், கிருமித் தொற்று வந்தாலும், முதலில் அடிபடுவது அந்தப் பகுதிதான். அந்தச் சேதத்தைத்தான் ‘பி.வி.எல்.’ என்று எழுதியிருக்கிறார்கள். கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த அறைகளை ஒட்டியே செல்கின்றன, கைகளுக்குப் போகிறவை சற்று விலகிச் செல்கின்றன. தம்பியின் கைகளைவிடக் கால்கள் அதிகம் இறுகியிருக்கின்றன என்றால் காரணம் இதுதான். லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற மருத்துவர் 1861-இலேயே குறைமாதப் பிறப்பையும் சிக்கலான பிரசவத்தையும் இந்த இறுக்கத்தோடு சேர்த்துப் பேசினார். மனப்பகுப்பாய்வுக்காக அறியப்பட்ட சிக்மண்ட் பிராய்டு நரம்பியல் மருத்துவராகத்தான் தொடங்கினார். சில குழந்தைகளுக்குப் பாதிப்பு கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது என்று 1897-இல் அவர் எழுதினார். நீங்கள் வாசலுக்கு வந்ததும், மாடிப்படி ஏறியதும், பப்பாளி தின்றதும் தம்பியின் மூளையைத் தொடவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துச் சொல்கிறேன். மறுபடி யாராவது பேசினால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்பாடு ஏதோ ஒரு வகையில் நடந்துவிடுகிறார்கள். நான்கு வயதை நெருங்கியும் உட்கார வராத குழந்தை பிடிமானமின்றித் தனியே நடப்பது அரிது. இந்தக் குழந்தைகள் எட்டக்கூடிய உடலியக்கத்தில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தம்பி வெளியே போய்வரச் சக்கர நாற்காலி தேவைப்படும் என்றே நினைக்கிறேன். பிடிமானத்தோடு நிற்கப் பழகலாம், வாக்கர் பிடித்துச் சில அடிகள் வைக்கவும் செய்யலாம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. “வயது இருக்கிறதம்மா, பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதை நம்பி ஒரு குடும்பம் நாற்காலி வாங்குவதைத் தள்ளிக்கொண்டே போனது. நாற்காலி வந்துவிட்டால் பிள்ளை நடக்கமாட்டான் என்று ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பையன் ஏழு வயது வரை பாயில் படுத்து ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலாக நிமிர்த்தி உட்காரவைத்த நாளில் அவன் செய்தது, சன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தது. அவ்வளவு அருகில் இருந்த தெருவை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஏழு வருடத்தில் என் பங்கும் உண்டு.

நடை வரும் வரை தம்பியின் வாழ்க்கை காத்திருக்காது. இன்றைக்கே அவன் சாப்பிட வேண்டும், உட்கார வேண்டும், வலியில்லாமல் தூங்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது.

முதலில் சாப்பாடு. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான். மூன்று முறை நெஞ்சுச் சளி என்று எழுதியிருக்கிறீர்கள். அது பனியாலோ தயிராலோ வந்த சளி அல்ல என்பது என் சந்தேகம். உணவு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக் குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கிறது. காலை நீட்டி, குழந்தையை அதன்மேல் கிடத்தி ஊட்டுவது நம் பாட்டிமார் கைவந்த கலை. உங்கள் அத்தை தம் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் வளர்த்திருப்பார். விழுங்கும் தசைகள் ஒழுங்காக வேலை செய்யும் குழந்தைக்கு அது ஒத்துப்போகும். தம்பிக்குத் தலை பின்னே சாய்ந்தவுடன் தொண்டையில் மூச்சு வழி திறந்துகொள்கிறது, ரசம் தண்ணீர்போல் ஓடி நேரே அங்கே இறங்குகிறது. நீங்களே ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி விழுங்கிப் பாருங்கள். பிறகு தலையைச் சற்றுக் குனிந்து விழுங்குங்கள். அத்தையையும் விழுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அவனை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், பாதங்கள் தொங்காமல் ஒரு பலகைமேல் பதிந்திருக்க வேண்டும், தாடை லேசாகக் கீழே பார்த்திருக்க வேண்டும். ஊட்டுகிறவர் முக்காலியில் அமர்ந்து, அவன் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து ஊட்டுங்கள். மேலேயிருந்து கரண்டி வந்தால் குழந்தை அண்ணாந்துவிடும். சிறிய, தட்டையான பிளாஸ்டிக் கரண்டி நல்லது. உலோகம் பல்லில் பட்டால் சில குழந்தைகளுக்கு வாய் இறுகிக் கடித்துக்கொள்ளும். கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்திவிட்டு, அவன் உதடுகள் மூடும்வரை காத்திருங்கள். மேலுதட்டில் வழித்துவிடுகிற பழக்கம் வேண்டாம். ரசத்துக்குப் பதில் குழைந்த பொங்கல், தயிரில் மசித்த இட்லி, கட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் கூழ், பருப்பும் நெய்யும் சேர்த்து மசித்த சோறு என்று கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் மெதுவாக நழுவும் பதம் வேண்டும். இறுக்கமான தசைகள் நிறையச் சக்தியைத் தின்றுவிடும், அதனால் நெய், வேர்க்கடலைப் பொடி, முட்டை மஞ்சள் கரு எதிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பொடியை உணவில் நன்றாகக் குழைத்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்காதீர்கள், களைத்தபின்தான் புரையேறுவது அதிகம். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துவிடலாம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

இப்படி மாற்றியும் இருமல் நிற்காவிட்டால், சாப்பிட்டபின் குரல் நீர் கொதிப்பதுபோல் கரகரத்தால், எடை ஏறாவிட்டால், விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு வயிற்றில் சிறு குழாய் பொருத்தி உணவு தருவதுதான் பாதுகாப்பு. அந்தப் பேச்சு வந்தால் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். சுவைக்காக வாயிலும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே அப்படி நன்றாக வளரும் பிள்ளைகள் உண்டு.

அடுத்து, அவனைத் தூக்குவதும் வைப்பதும். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு எவ்வளவு சிரமப்பட்டுப் போனாலும் அது இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவன் வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதுதான் அவன் இடுப்பையும் முதுகையும் தீர்மானிக்கிறது. கைக்குழந்தையைப்போல் இரு கைகளிலும் ஏந்தாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி இடுப்பில், கால்கள் இரண்டும் உங்கள் உடம்பின் இருபுறமும் விரியும்படி தூக்குங்கள். பின்னிக்கொள்ளும் கால்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். தூளியில் மணிக்கணக்காகப் போடுவதை விட்டுவிடுங்கள். அதில் இடுப்பும் முழங்காலும் மடங்கியே கிடக்கும், மடங்கின தசை அப்படியே குறுகிப்போகும். சுவர் மூலையில் அவன் முதுகைச் சாய்த்து, கால்களை விரித்து, தொடைகளுக்கு நடுவில் சுருட்டிய துண்டை வைத்து உட்காரவையுங்கள். முன்னால் ஒரு சின்ன மணைப் பலகை, அதன்மேல் இரண்டு டம்ளர். தட்டட்டும், தள்ளட்டும். விரைத்த காலைப் பலம்கொண்டு இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். முழங்காலை முதலில் மடக்கி, பொறுமையாக விரித்தால் விட்டுக்கொடுக்கும்.

பலரும் தவறவிடுகிற ஒன்று, இடுப்பு எக்ஸ்ரே. மூளையிலுள்ள பாதிப்பு நாளாக நாளாகக் கூடுவதில்லை. ஆனால் இறுகிய தசை, வளரும் எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுகிறது. நடக்க வராத குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வலியே இருக்காது. வலி தெரியும்போது பெரிய அறுவைசிகிச்சையாகிவிடும். இதுவரை எடுக்காவிட்டால் இந்த மாதமே எடுங்கள், பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டு ஒரு நோட்டில் தேதி போட்டு வையுங்கள். இறுக்கத்தைக் குறைக்க பேக்லோஃபென் மாத்திரை, போட்டுலினம் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. எதற்கும் அளவும் காலமும் உண்டு, நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். இரவில் காரணமில்லாமல் அழுகிறான் என்றால் காரணம் நிச்சயம் இருக்கிறது. மலச்சிக்கல், சொத்தைப் பல், நெஞ்செரிச்சல், இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தாத்தாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். தெருவில் எத்தனையோ வண்டிகள் போகின்றன, அதில் ஒன்றைத் தனியாகப் பிரித்தறிகிறான். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் வருவார் என்று நினைவில் வைத்திருக்கிறான். வருவதற்கு முன்பே மகிழ்கிறான். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. பேச்சு வராதவர்களிலும் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

என் அறைக்கு ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள், எதற்கும் பதில் இல்லை என்ற புகாரோடு. “அம்மா எங்கே?” என்று கேட்டேன். அசைவில்லை. தாய் உடனே மறுபடி கேட்கப் போனார், நான் கையமர்த்தினேன். மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது எண்ணும்போது அவள் தலை நடுங்கிற்று, பதினொன்றில் கண்கள் மெதுவாகத் தாய் பக்கம் வந்து நின்றன. நான்கு வயது வரை அவளுக்குப் பதினொரு விநாடி யாரும் கொடுக்கவில்லை. தம்பியிடமும் வாழைப்பழத்தை ஒரு கையிலும் பிஸ்கட்டை மறு கையிலும் காட்டி, “எது வேண்டும்?” என்று கேட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எதைப் பார்க்கிறானோ அதையே கொடுங்கள், பிஸ்கட் என்றால் பாலில் ஊறவைத்துக் குழைத்து. சட்டை, குளியல், பாட்டு எல்லாவற்றிலும் இப்படிக் கேட்கலாம். ‘ஆம்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் அவனிடம் ஏற்கெனவே ஓர் அடையாளம் இருக்கக்கூடும். கண் சிமிட்டலோ, நாக்கை நீட்டுவதோ. வீட்டில் எல்லோரும் அதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ள வேண்டும். கேட்கும் திறனையும் பார்வையையும் முழுமையாகப் பரிசோதித்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டிலும் குறை வரலாம்.

அத்தையிடம் இதையெல்லாம் நீங்கள் சொன்னால், மருமகள் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடும். அடுத்த பிசியோதெரபிக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். பேரனை மூன்று ஆண்டு வளர்த்த கை அது, முறையை மட்டும் பயிற்சி தருபவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். கணவரிடம் தினமும் ஒரு வேலையை முழுமையாக ஒப்படையுங்கள், குளிப்பாட்டுவதாக இருந்தால் நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் தசை இளகும், அப்போது தம்பி சிரிப்பான். மருத்துவமனைக்கே வராத தகப்பன்மார் பலர் குளியலறையில்தான் பிள்ளையோடு சேர்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள். உங்கள் முதுகும் இன்னும் பல வருடம் அவனைத் தூக்க வேண்டும்.

உதவிகள் பற்றிச் சுருக்கமாக. அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இயன்முறை, பேச்சு, செவி, பார்வை எல்லாம் ஓரிடத்தில் பார்க்கலாம், கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2000 ரூபாய்க்கும், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீட்டுக்கும் அங்கேயே வழி கேட்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. இப்படிப்பட்ட சிறு குழந்தைகளுக்கான பயிற்சி அங்கே நடக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள். அங்கன்வாடிக்கும் இப்போதே அனுப்பிப் பழக்குங்கள். நாற்காலியோடு போய் மற்ற பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே உட்காரட்டும்.

அடுத்த குழந்தையைப் பற்றி: உங்கள் மகனுக்கு வந்தது பரம்பரையாக வரும் வகையாகத் தெரியவில்லை, குறைமாதப் பிறப்பின் விளைவு. ஆனால் ஒருமுறை குறைமாதத்தில் பிறந்தால் அடுத்ததும் முன்கூட்டியே பிறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதனால் கருத்தரித்தவுடனேயே மகப்பேறு மருத்துவரிடம் இந்த வரலாறு முழுவதையும் சொல்லுங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள். அப்படியும் முன்னதாகவே வலி வந்துவிட்டால், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசியும், மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் தாய்க்குப் போடும் வழக்கம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் ஒன்று செய்யுங்கள். தாத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டதும், அவர் வாசலுக்கு வருமுன், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவுக்கு அருகே நில்லுங்கள். “யார் வருகிறார்?” என்று கேளுங்கள். பதினொன்று வரை எண்ணுங்கள். அவன் கண் எங்கே போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.